கூட்டு விற்பனைக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் என் கடை என்ன ஆகும்?

கேள்வி: சிங்கப்பூர் நகர மையத்தில், 1970களில் கட்டிய ஒரு கடைத்தொகுதியில் நானும் என் கணவரும் தையல் கடை நடத்துகிறோம். 1996-ல் சொந்தமாக வாங்கிய சின்னக் கடை, தரைத்தளத்தில் மின்படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. இப்போது கட்டடம் முழுவதையும் ‘என்பிளாக்’கில் விற்கக் குழு அமைத்து, உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். “80 விழுக்காடு சேர்ந்துவிட்டால் நீங்கள் போடாவிட்டாலும் கடை போய்விடும், பிடிவாதம் பிடித்தால் பணமும் குறையும்” என்கிறார்கள். வாங்கிய விலையாவது திரும்ப வருமா என்று பயமாக இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களோ கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று மனு எழுதுகிறார்கள். இருபது வருடமாக அதே அளவு ஜாக்கெட்டை எடுத்துவந்து தைத்துப் போகிற அம்மாக்கள் அவர்கள். அந்த மனுவால் பலன் உண்டா? பக்கத்தில் சாவி வெட்டுகிறவர் வாடகைக்கு இருக்கிறார். அவர் கதி என்ன?

பதில்: அம்மா, உங்களிடம் சொல்லப்பட்டதில் பாதி உண்மை, பாதி மிரட்டல்.

முதலில் உண்மையானதைச் சொல்கிறேன். ஒரே கட்டடத்தில் பலர் தனித்தனி உரிமை வைத்திருப்பதற்கான ஸ்ட்ராட்டா நில உரிமைச் சட்டப்படி, 10 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடத்தில் 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதித்தால் மொத்தக் கட்டடத்தையும் விற்க ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். 10 ஆண்டு ஆகாத கட்டடத்துக்கு 90 விழுக்காடு வேண்டும். இந்த 80 என்பது தலைக்கணக்கு இல்லை. பங்கு மதிப்பில் (கட்டடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒதுக்கப்பட்ட பங்கின் அளவு) 80, மொத்தக் கடைப்பரப்பில் 80 என இரண்டும் சேர வேண்டும். மேல்மாடியில் பெரிய பரப்பை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் நினைத்தாலே கணக்கு மாறும். ஆகவே “எல்லாரும் போட்டுவிட்டார்கள்” என்று யாராவது சொன்னால், இரண்டு கணக்கிலும் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். குழு அந்த நிலவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டத்தான் வேண்டும். முதல் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் 80 சேராவிட்டால், உங்களிடம் கையெழுத்துக் கேட்கும் அந்தக் கூட்டு விற்பனை ஒப்பந்தம் காலாவதி.

பணம் குறையும் என்பது மிரட்டல். விற்பனைப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டவருக்கும் போடாதவருக்கும் அதே முறைதான். போடாத குற்றத்துக்காக யார் பங்கிலும் கைவைக்க முடியாது. எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றால் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழலாம், அது வேறு விஷயம்.

நீங்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் அந்தப் பிரிக்கும் முறைதான். உங்கள் கடை தரைத்தளத்தில், மின்படிக்கட்டை ஒட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னக் கடை, ஆனால் சந்தையில் சதுர அடிக்கு நல்ல விலை போகும். பணத்தைப் பரப்பளவைக் கொண்டு மட்டும் பிரித்தால், ஆள் நடமாட்டமே இல்லாத நான்காம் மாடிப் பெரிய அறைக்கு உங்களைவிட அதிகம் போகும். பங்கு மதிப்பு, பரப்பளவு, இன்றைய சந்தை மதிப்பு மூன்றையும் கலந்து பிரிக்கும் முறைகள் உண்டு. எந்தக் கலவை என்பதைப் பொதுக்கூட்டத்தில் வைத்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் குறிப்பை வாங்கிப் படியுங்கள். பிரச்சினை இங்கே இருந்தால் இப்போதே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். எல்லாம் முடிந்தபிறகு அழுது பயனில்லை.

வாங்கிய விலை பற்றிய உங்கள் பயத்துக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. 1996 சிங்கப்பூரில் சொத்து விலை உச்சத்தில் இருந்த வருடம், அதனால் பயத்தில் நியாயம் உண்டு. செலவுகள் போக உங்கள் கைக்கு வரும் தொகை நீங்கள் கொடுத்த விலையைவிடக் குறைவாக இருந்தால், அது பண நட்டம். விற்பனையைத் தடுக்க அது வலுவான காரணம். கிடைக்கும் பணம் வங்கிக் கடனை அடைக்கப் போதாவிட்டாலும் அப்படியே. ஆனால் அடுத்த கடைக்காரருக்கு உங்களைவிட அதிக லாபம் என்பது நட்டம் ஆகாது, சட்டமே அதைத் தெளிவாக விலக்குகிறது. 1996 விற்பனைப் பத்திரம், முத்திரை வரி ரசீது, அன்றைய வழக்கறிஞர் கட்டணச் சீட்டு மூன்றையும் தேடி எடுத்துவையுங்கள். இந்த வகை வழக்குகளில் பழைய ரசீது இல்லாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம், குழு நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்பது. 50 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பேசி முடித்த ஹொரைசன் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டு விற்பனையை 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதைவிட அதிக விலை தர ஒருவர் முன்வந்தும் குழு அதைச் சரியாகத் தொடரவில்லை என்பது அதில் முக்கியமான குறை. விலை, பணம் பிரிக்கும் முறை, வாங்குபவருக்கும் உரிமையாளர் யாருக்காவதும் உள்ள உறவு, இந்த மூன்றையும்தான் பார்ப்பார்கள். குழு விற்பனைக்கு விண்ணப்பிக்கும் அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த 21 நாளுக்குள் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்தில் ஆட்சேபம் போட வேண்டும். வாரியம் முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் உயர் நீதிமன்றம்.

இப்போது உங்கள் வாடிக்கையாளர்களின் மனு. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. “இங்கேதான் என் கல்யாணச் சட்டை தைத்தேன்” என்பது வாரியத்திலோ நீதிமன்றத்திலோ எடுபடாது. ஆனால் அந்த மனுவை கட்டடங்களைப் பாதுகாப்பதைக் கவனிக்கும் அரசு அமைப்பான நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு, அதுவும் விற்பனைக்கு முன்னால், அனுப்பினால் அர்த்தம் உண்டு. பீச் ரோட்டில் 1973-ல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2018-ல் 80 கோடி வெள்ளி கேட்டு விற்பனைக்கு வந்தது, விலைபோகவில்லை. கட்டடக் கலைஞர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்தார்கள். 2021-ல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 2022-ல் 70 கோடிக்கு விற்றது, இடிக்காமல் புதுப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

கட்டடம் நின்றது. ஆனால் உள்ளே இருந்த தாய்லாந்து உணவுக்கடைகளும் மளிகைக்கடைகளும் 2023-ல் காலி செய்துகொண்டு போனார்கள். சுவரைத்தான் பாதுகாக்கிறார்கள், கடைக்காரரை இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் விரும்புவது கட்டடத்தையா, உங்கள் தையல் மேசையையா என்பதைப் பொறுத்து மனுவில் எழுத வேண்டியதும் மாறும்.

கையெழுத்துப் போடச் சொல்லும் அண்டைக் கடைக்காரர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். கட்டடம் நிற்கும் நிலம் 99 வருடக் குத்தகையில் இருந்து, அதில் பாதி கரைந்துவிட்டால் வங்கி கடன் தரத் தயங்கும். மின்படிக்கட்டு பழுது, குளிர்சாதனம் பழுது என்று பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வயதானவர்களுக்கு இந்த விற்பனைதான் ஓய்வுக்காலப் பணம்.

சாவி வெட்டுகிறவருக்கு வாக்கு இல்லை, விற்பனைப் பணத்தில் பங்கும் இல்லை. அவருடைய வாடகை ஒப்பந்தத்தில் ‘கட்டடம் விற்கப்பட்டால் அல்லது இடிக்கப்பட்டால்’ என்று தொடங்கும் பத்தி ஒன்று பெரும்பாலும் இருக்கும். எத்தனை மாத அறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்பும் என்பதை அதில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார் என்றால், அந்தப் பத்தியில் பேரம் பேச இதுதான் சமயம். புதிதாக இயந்திரம் வாங்கிப் பணத்தை முடக்கவேண்டாம்.

சரி, அடுத்து என்ன? விற்பனை ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். அந்த வழக்கறிஞர் விற்பனைக்காக நியமிக்கப்பட்டவர், உங்களுக்காக வந்தவர் இல்லை. ஆகவே ஒப்பந்த நகலை வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவசரத்தில் போட்டுவிட்டால் 5 நாளுக்குள் ஒரே ஒரு முறை எழுத்துமூலம் விலகிக்கொள்ளலாம். நகலில் முதலில் குறைந்தபட்ச விலையையும், அந்த விலைக்கு உங்கள் கடைக்கு வரும் தொகையையும் பாருங்கள். அப்புறம் கடையை எந்தத் தேதிக்குள் காலிசெய்து தரவேண்டும் என்று பாருங்கள். தீபாவளித் தையல் முடியும் முன்பே அந்தத் தேதி வந்தால், அதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.