ஆசிரியையின் கோடை விடுமுறை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மொரிஷியஸில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நவம்பரில் பள்ளி மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறேன். கணவர் கடற்கரை விடுதி ஒன்றில் சமையற்கலைஞர். டிசம்பர் அங்கே கூட்டம் மிகுந்த மாதம் என்பதால் அவருக்கு விடுப்பு அரிது. மாமியார், பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள், ஒரு நாய், ஒரு பூனை, கூண்டில் நான்கு காதல் பறவைகள் என வீடு நிறைந்திருக்கிறது.

விடுமுறைக்கு முன்பே பெரிய பட்டியல் ஒன்று போட்டுவிட்டேன். மாமனார் விட்டுச்சென்ற பிரம்பு நாற்காலியைச் செப்பனிட வேண்டும். மாமியார் சொல்லச் சொல்ல, ஏழு வகைக் கறிகள் சேர்ந்த எங்கள் ஏழு கறிச் சமையலை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். தைப்பூசத்துக்கு மகன் முதன்முறையாகக் காவடி எடுக்கிறான். அதற்கான சட்டத்தை நாங்களே செய்ய ஆசை. மகளின் பாவாடைக்குப் பூத்தையல் போட வேண்டும். இப்போது நாற்காலி பாதி தேய்த்த நிலையில் தாழ்வாரத்தில் கிடக்கிறது. மற்றவை தொடங்கப்படவே இல்லை.

இதற்கிடையில், விடுமுறையில் தனி வகுப்பு எடுக்குமாறு சில பெற்றோர் கேட்கிறார்கள். சம்பளத்தோடு ஓய்வு என்று உறவினர் கேலி செய்கிறார்கள். என் பிள்ளைகளோ நான் தமிழில் கேட்டால், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாமா என்றும் யோசிக்கிறேன். எதைச் செய்வது, எதை விடுவது? புத்தாண்டுக்கு உறவினருடன் கடற்கரையில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். நாயை அழைத்துச் செல்லலாமா என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் பட்டியலில் நீக்க வேண்டியது எதுவும் இல்லை. மாற்ற வேண்டியது வரிசை மட்டுமே. எது முக்கியம் என்று எடைபோட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும், எதிலும் கை நிலைக்காது. நம் தீவின் கோடை விடுமுறைக்கு ஏற்ற கணக்கு வேறு. மழையோ புயலோ பண்டிகையோ எந்த வேலையை முதலில் உங்கள் கையிலிருந்து பறித்துக்கொள்ளுமோ, அந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வாழும் எங்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும் தையும் வெயில் மாதங்கள். மார்கழிப் பனியைப் பற்றிப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்தை வியர்வை வழியத்தான் படிக்கிறார்கள். ஆண்டின் மிக வறண்ட மாதமான அக்டோபர் முடிந்து, நவம்பரிலும் காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போது பள்ளி மூடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பெருமழை. ஆக, விடுமுறையின் முதற்பாதியும் பிற்பாதியும் ஒரே தன்மை உடையவை அல்ல.

எனவே முதலில் நாற்காலி. பாதி தேய்த்த மரத்தை டிசம்பர் நடுப்பகுதிக்குள் முழுவதும் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுங்கள். காற்றில் ஈரம் ஏறியபின் அடித்தால் வார்னிஷ் காயத் தாமதமாகும், பல வேளைகளில் பால் படிந்தாற்போல வெளுத்தும் போகும். அதற்கு முன் கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, அவற்றின் கீழே புதிய மாவு உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். துளைகளில் மருந்தை ஊசியால் செலுத்தி, சில நாள் பொறுத்து, மாவு மீண்டும் உதிரவில்லை என்று உறுதியான பிறகே வார்னிஷில் கை வையுங்கள். உப்புத்தாளை மரத்தின் இழை ஓடும் திசையில்தான் இழுக்க வேண்டும் என்பதை மகனுக்கு ஒருமுறை காட்டினால் போதும், அவனே மீதியைச் செய்துவிடுவான். பிரம்புப் பின்னலுக்கு இப்போது அவசரம் இல்லை. பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரமாக இருக்கும்போதே பின்ன வேண்டும், காயும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். அது கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால், ஜனவரி மழைநாட்களுக்கென்றே அதை ஒதுக்கி வையுங்கள். மாமனாரின் நாற்காலி என்று எழுதியிருக்கிறீர்கள். 1735-இல் இங்கு பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே, இன்றைய தலைநகரான போர்ட் லூயிஸைக் கட்டி எழுப்புவதற்காகப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்து வந்தார். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்மவர்கள் இந்தத் தீவுக்குத் தங்கள் கைத்தொழிலோடு வந்தவர்கள். நாம் அனைவரும் கரும்புத் தோட்டத்திலிருந்து மட்டுமே வந்தவர்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பதால் இதை இங்கே எழுதுகிறேன். தாழ்வாரத்தில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொன்னால் அவர்கள் காதில் விழும் என்பது என் நம்பிக்கை.

அடுத்தது காவடி. தைப்பூசம் ஜனவரிப் பிற்பாதியிலோ பிப்ரவரியிலோதான் வரும், அதற்குள் பள்ளி திறந்துவிடும். கொடியேற்றத்துக்குப் பின் விரத நாட்களில் வீடு முழுவதும் சமையலும் கோயிலுமாக இருக்கும் என்பதால், சட்டத்தை விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும். தென்னங்குருத்தும் பூவும் வாடாமல் இருக்க வேண்டும், ஆகவே அலங்காரத்தை முந்தின நாள் மாலைக்கு முன் தொடங்க முடியாது. அதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். சட்டத்தில் கவனிக்க வேண்டியவை எடையும் சமநிலையும். பதின்மூன்று வயதுப் பையன் வெறுங்காலோடு சூடேறிய தார்ச்சாலையில் நடக்கப்போகிறான். அவன் தோளில் பெரியவர்களின் காவடி அளவுக்குப் பாரம் ஏற்றுவது பக்தியைக் காட்டிலும் பார்வையாளர்களுக்கான காட்சியாகவே முடியும் என்பது என் கருத்து. வளைவுக்கு மெல்லிய மூங்கிலைப் பயன்படுத்துங்கள். இருபுறமும் சொம்புகளைக் கட்டித் தண்ணீர் நிரப்பி, முற்றத்தில் சில சுற்று நடக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது, தோளில் எங்கே உறுத்துகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

விலங்குகளை நீங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை, ஆனால் அவற்றுக்கும் தவறவிடக்கூடாத நாட்கள் உண்டு. டிசம்பர் 31 இரவு இந்தத் தீவில் வெடிக்கும் பட்டாசு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அன்று இரவு மிரண்டு ஓடி வழிதவறும் நாய்கள் எத்தனையோ. நாய்க்கு மாலையிலேயே உணவு கொடுத்து, இருட்டும் முன் நடத்திவிட்டு, சன்னல் குறைந்த உள்ளறையில் வானொலியை ஒலிக்கவிட்டு யாராவது ஒருவர் அதனுடன் இருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். அது மிகவும் நடுங்கும் இயல்புடையதாக இருந்தால், கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள், ஆண்டின் கடைசி மாலையில் யாரும் கிடைக்கமாட்டார்கள். மனிதருக்கான தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெயிலும் ஈரமும் சேரும் இந்த மாதங்களில் உண்ணி பெருகும் என்பதால், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பார்க்கும் பொறுப்பை மகளிடம் கொடுக்கலாம், எட்டு வயதுக்கு அது பெருமையான பதவி.

பறவைகளுக்கான ஏற்பாடு புயலைப் பற்றியது. நவம்பர் முதல் மே வரை புயல் பருவம் என்பதும், எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை ஏறும் என்பதும் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் கூண்டை எங்கே வைப்பது, பூனையை எந்த அறையில் அடைப்பது என்பதை எச்சரிக்கை வந்த பிறகே பலர் யோசிக்கிறார்கள். அடைபட்ட வீட்டுக்குள் பூனையும் பறவைகளும் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீர் சேமிக்கும்போது அவற்றுக்கான நீரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களையே இழுத்துச் சென்றதைப் பார்த்தோம். ஆகவே கூண்டு தரையில் இருக்க வேண்டாம்.

ஏழு கறிக் குறிப்பேட்டுக்குத் தனி நேரம் தேவையில்லை. மாமியார் சமைக்கும்போது பக்கத்தில் நின்று எழுதுங்கள். அவர் "கொஞ்சம்" என்று சொல்லி எடுக்கும் மஞ்சளையும் புளியையும் பாத்திரத்தில் விழுமுன் ஒரு கரண்டியில் வாங்கி அளந்துவிடுங்கள். பிஞ்சுப் பலாக்காயை எந்தப் பதத்தில் இறக்குகிறார், பூசணிக் கறிக்கு எப்போது உப்புப் போடுகிறார் என்பவற்றை உட்கார்ந்து கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. விரத நாட்களில் அவர் கை எப்படியும் அடுப்பில்தான் இருக்கும், ஆகவே இந்தக் குறிப்பேடு விடுமுறையைத் தாண்டிப் போனாலும் குறையில்லை. பூத்தையல் எந்த மழையிலும் செய்யக்கூடியது, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு மணி நேரத் தமிழ்ப் பாடம் வேண்டாம். வகுப்பறைத் தமிழ் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கிறது. அதே பலகையையும் அதே குரலையும் வீட்டிலும் கண்டால், தமிழ் என்பது தேர்வுக்கு உரியது என்ற அவர்களுடைய எண்ணம்தான் உறுதிப்படும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் போன்ற இடங்களில் நமக்குக் கற்பிக்கப்படும் முறைகள் முப்பது பிள்ளைகள் உள்ள அறைக்கு உரியவை, தாழ்வாரத்துக்கு அல்ல. நாற்காலியைத் தேய்க்கும்போதும் மூங்கிலை வளைக்கும்போதும் நாயைக் குளிப்பாட்டும்போதும் நீங்கள் தமிழில் பேசுங்கள். பதில் கிரியோலில் வந்தால் திருத்தாதீர்கள். அவர்கள் புரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறார்கள். "அந்தக் கயிற்றை இழுத்துப் பிடி, விடாதே" என்று நீங்கள் சொல்லும்போது கயிறு இழுபடுகிறது என்றால், அந்த வாக்கியம் சென்று சேர்ந்துவிட்டது. கிரியோல் 2012 முதல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. அதை வீட்டில் எதிரியாக நிறுத்தினால், தோற்கப்போவது தமிழ்தான். மாமியாரோடு பிள்ளைகளைத் தனியாக விடுங்கள், அவருக்கு எதையாவது எடுத்துக் கொடுக்கும் வேலையில் அவர்களை அமர்த்துங்கள்.

தனி வகுப்பைப் பொறுத்தவரை, பணம் தேவை என்றால் ஜனவரிக்குப் பிறகு எடுங்கள், இல்லையெனில் மறுத்துவிடுங்கள். தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளை டிசம்பரில் மேசையின் முன் உட்காரவைக்கும் பெற்றோரின் அச்சத்துக்கு ஆசிரியர் துணைபோக வேண்டியதில்லை. உறவினரின் கேலிக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை. வருகிறவர்கள் கையில் ஓர் உப்புத்தாளைக் கொடுங்கள்.

நாயைக் கடற்கரை வீட்டுக்கு 31-ஆம் தேதி அழைத்துப் போகாதீர்கள். பழகாத இடம், பழகாத வாயிற்கதவு, நாலாபுறமும் பட்டாசு, வந்துபோகும் உறவினர் கூட்டம் என்று எல்லாம் ஒரே இரவில் சேரும். அங்கிருந்து ஓடினால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாது. ஜனவரி 1, 2 இரண்டுமே பொது விடுமுறை. பட்டாசு இரவை வீட்டிலேயே கழித்துவிட்டு 2-ஆம் தேதி காலையில் நாயோடு புறப்படுங்கள். உங்கள் கணவர் பணிபுரியும் விடுதி அந்தப் பக்கமாகவே இருந்தால், வேலை முடிந்து அவரும் மாலையில் நேராக அங்கே வந்துவிடலாம்.

அன்புடன்.