அந்த நான்கு பட்டுச் சேலைகள்

கேள்வி: ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். எனக்கு 50 வயது. பள்ளிக்கூடத்துக்கு நெகமம் காட்டன், வீட்டில் நைட்டி என்றே பழகிவிட்டேன். புதுக் காஞ்சிப் பட்டு கட்டினால் அரை மணி நேரத்தில் வேர்த்து ஊற்றுகிறது, இடுப்பு வலிக்கிறது. காட்டன் கட்டினால் ‘பெண்ணைப் பெற்றவள் மாதிரியா இருக்கிறாள்?’ என்பார்கள். அம்மாவின் பழைய பட்டுகள் மட்டும் கட்டினால் மெத்தென்று இருக்கின்றன. (2019இல் அப்பா தவறியபிறகு அம்மா பட்டு கட்டுவதில்லை. நான்கு சேலைகளும் அந்த வருஷமே என் பீரோவுக்கு வந்துவிட்டன.) ஆனால் முகூர்த்தத்தில் பழசு எடுபடுமா? வசதியாகவும் இருக்க வேண்டும், கிராண்டாகவும் இருக்க வேண்டும். என்ன கட்டலாம்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: எடுபடும், கட்டுங்கள். வருஷா வருஷம் ஆனி, ஆடியில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். வழக்கமாக நாலு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவேன். உங்கள் கடிதத்தில் அந்த அடைப்புக்குறி என்னைப் போகவிடவில்லை.

அம்மாவின் சேலை ஏன் மெத்தென்று இருக்கிறது என்று யோசித்தீர்களா? காஞ்சிபுரத்தில் பாவுக்குக் கஞ்சி தோய்த்து, காயவைத்துத்தான் தறியில் ஏற்றுவார்கள். முறுக்கிய இழை வேறு. புதுச் சேலை விறைப்பாக நிற்காமல் என்ன செய்யும்? கட்டி, காயப்போட்டு, மடித்து, மறுபடி கட்டி, இருபது முப்பது வருஷத்தில்தான் அது துவண்டு உடம்புக்கு வரும். உங்கள் காதுகுத்துக்கும் சீருக்கும் கல்யாணத்துக்கும் அம்மா கட்டி இளக்கிய சேலைகள் அவை. உங்கள் இடுப்புக்கு இன்று இதமாக இருப்பது அவர் உழைப்பு. அதைக் கட்டிக்கொண்டு மணவறை பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள். சரி, அம்மா எங்கே உட்காருவார்? என்ன கட்டியிருப்பார்? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதுவரை யோசித்த உங்களுக்கு இது தோன்றவில்லையா?

‘பீரோவுக்கு வந்துவிட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள். சேலைக்குக் கால் முளைக்காது அம்மணி. நீங்கள்தான் எடுத்து வந்தீர்கள். அப்பாவுக்கு வருஷ திதி வந்ததா என்பதுகூடச் சந்தேகம், அதற்குள்.

அம்மாதான் ‘இனி எனக்கெதுக்கு, நீ கொண்டு போ’ என்றார் என்பீர்கள். சொல்லியிருப்பார். பந்தியில் ‘போதும்’ என்று இலையை மறைக்கிற விருந்தாளிக்கு நாம் எத்தனை தடவை ‘இன்னும் கொஞ்சம்’ என்று வைக்கிறோம்? பெற்றவள் ஒரு தடவை சொன்னதும் பையை விரித்துவிட்டீர்கள்.

உங்கள் பக்கம் ஒரு காலத்தில் புருஷன் போனால் வெள்ளைச் சேலைதான். இன்று யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் பட்டும் பூவும் அரக்குச் சிவப்பும் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். யாரும் தடுத்துப் பேசமாட்டார்கள், மகள்கள் உட்பட. சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் பீரோவிலேயே நிற்கிறோம்.

அப்பாவுக்குக் காரியம் செய்வது மகன் கடமை என்றால், அம்மாவை மறுபடி நாலு பேர் நடுவில் கொண்டுவந்து உட்காரவைப்பது மகள் கடமை. கடமை விஷயத்தில் நான் பழைய பஞ்சாங்கம்தான், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கையும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கள். கட்டிலில் விரித்துப் போட்டு, ‘பேத்தி கல்யாணத்துக்கு நீ எதைக் கட்டுகிறாய்?’ என்று கேளுங்கள். ‘கட்டுகிறாயா?’ என்று கேட்காதீர்கள், முடியாது என்றுதான் சொல்வார். முதல் சேலை அவருக்கு. மிச்சத்தில் அவர் கை எதை எடுத்துக் கொடுக்கிறதோ அது உங்களுக்கு. கூடியிருக்கிற பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தால் பதில் சொல்லவேண்டியது நீங்கள். அம்மா தலைகுனிய விடாதீர்கள்.

மூன்று தடவை கேட்டும் அவருக்கு உண்மையாகவே பட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதுவும் அவர் இஷ்டம்தான். சிறுமுகை உங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்கே நெய்கிற சாஃப்ட் சில்க் எடையே தெரியாது. கடைக்கு அவரையே கூட்டிப் போங்கள். வயதைப் பார்த்ததும் சாம்பல் நிறத்தையும் சந்தன நிறத்தையும் எடுத்துப் போடுவார்கள். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அம்மா கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

இனி உங்கள் வசதி. பழைய சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்திருந்தால் அந்தக் கோட்டில்தான் சரிகை விடும். விட்டிருந்தால் கொசுவத்துக்குள் போகிறமாதிரி கட்டிக்கொள்ளலாம். மங்கிய வெள்ளிச் சரிகையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், இப்போது வருகிற பிளாஸ்டிக் சரிகை மாதிரி அது குத்தாது. உங்கள் வேர்வைக்குப் பாதிக் காரணம் ப்ளவுஸ் லைனிங். காட்டன் லைனிங் வாங்கி, ஒருமுறை நனைத்துக் காயவைத்தபிறகு தைக்கக் கொடுங்கள். பாவாடையும் காட்டனே இருக்கட்டும், நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்தால் இடுப்பை அறுக்காது. ரிசப்ஷனுக்கு உங்களுக்கும் ஒரு சாஃப்ட் சில்க் போதும்.

அப்புறம், அம்மாவின் பட்டு ப்ளவுஸ்கள் எல்லாம் 2019க்கு முந்தைய அளவு. பழைய ப்ளவுஸை அளவுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள், அவரையே தையல்காரரிடம் அழைத்துப் போங்கள். ஆடி பிறந்ததுமே போய்விடுங்கள். ஆவணி முகூர்த்தத் துணிகள் குவிந்துவிட்டால் அப்புறம் அவர் உங்கள் போனையே எடுக்கமாட்டார்.