12 இன்ச் சப்வூஃபருக்கு சீல்டு பாக்ஸ் (காற்று புகாமல் மூடிய பெட்டி) எத்தனை லிட்டர் இருந்தால் சவுண்ட் நன்றாக இருக்கும்?

இன்ச்சை மட்டும் வைத்து லிட்டர் சொல்ல முடியாது. ஒரு 12 இன்ச் டிரைவருக்கு (ஸ்பீக்கர் யூனிட்டுக்கு) 20 லிட்டர் போதும், இன்னொன்று 60 கேட்கும். டிரைவரின் ஸ்பெக் ஷீட்டில் எஃப்எஸ் (பாக்ஸ் இல்லாமல் டிரைவர் இயல்பாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (டிரைவரின் மொத்த க்யூ, அதாவது அதன் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண்), விஏஎஸ் (டிரைவரின் சஸ்பென்ஷனுக்குச் சமமாக நெகிழும் காற்றின் அளவு, லிட்டரில்) மூன்றையும் பாருங்கள்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது க்யூடிசி, அதாவது பாக்ஸில் மாட்டியபின் டிரைவருக்குக் கிடைக்கும் மொத்த க்யூ. 0.707 வைத்தால் பாஸ் எங்கேயும் புடைக்காமல் கீழே இறங்கும். 1.0 போனால் 1.25 டெசிபெல் புடைப்பு வரும், ஒவ்வொரு அடியும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே நிற்கும்.

கணக்கு சுலபம். 0.707ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1ஐக் கழியுங்கள். வந்த எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் லிட்டர்.

எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.707 ÷ 0.45 = 1.57. வர்க்கம் 2.47, ஒன்று போக 1.47. 60 ÷ 1.47 = சுமார் 41 லிட்டர். ரெசொனன்ஸ் (பாக்ஸில் மாட்டியபின் டிரைவர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 28 × 1.57, அதாவது 44 ஹெர்ட்ஸ்.

இதையே 20 லிட்டரில் அடைத்தால் க்யூடிசி 0.9, ரெசொனன்ஸ் 56 ஹெர்ட்ஸ். வேடிக்கை என்னவென்றால் 3 டெசிபெல் விழும் இடம் பெரிதாக மாறாது: 44க்குப் பதில் 46. ஆனால் 25 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்துவிடும், மேலே லேசாகப் புடைக்கும். சின்ன பாக்ஸில் "பஞ்ச்" அதிகம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் புடைப்பைத்தான்.

க்யூடிஎஸ் 0.3 என்றால் சீல்டு யோசனையையே மறுபரிசீலனை செய்யுங்கள். அதே விஏஎஸ்ஸுக்கு 13 லிட்டர்தான் வரும், ரெசொனன்ஸ் 66க்கு ஏறிவிடும். அது போர்ட்டட் பாக்ஸுக்கான (காற்றுக் குழாய் வைத்த பெட்டிக்கான) டிரைவர். க்யூடிஎஸ்ஸே 0.7ஐத் தாண்டியிருந்தால் எவ்வளவு பெரிய பாக்ஸ் செய்தாலும் 0.707 கிடைக்காது.

41 என்பது உள்ளே மிஞ்சும் காற்று. மேக்னட், பாஸ்கெட்டுக்கு சுமார் 3 லிட்டர், பிரேஸிங் கட்டைக்கு ஒன்றரை லிட்டர் சேர்த்தால் 45.5. உள்ளளவு 36 × 36 × 35 செ.மீ. சரியாக வரும். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை என்றால் வெளியளவுக்கு நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 3.6 செ.மீ. கூட்டுங்கள். இதை மறந்துவிட்டு, வெளியளவையே உள்ளளவாக வைத்து வெட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கன சதுரமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்; 36 செ.மீ.க்கு ஸ்டாண்டிங் வேவ் (எதிரெதிர் சுவர்களுக்கிடையே எதிரொலித்து நிற்கும் அலை) 480 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும், சப்வூஃபர் அங்கே பாடப்போவதில்லை.

ஒன்றிரண்டு லிட்டருக்காகத் தூக்கம் கெடுக்காதீர்கள். 41க்குப் பதில் 37 ஆனாலும் க்யூடிசி 0.73தான். காற்றுக் கசிவு அப்படியல்ல, கணக்கையே குலைத்துவிடும். உள்மூலைகள் எல்லாவற்றிலும் பசையை வழித்துவிடுங்கள், டிரைவர் விளிம்புக்கும் டெர்மினல் கப்புக்கும் கேஸ்கெட் போடுங்கள். பிறகு 30 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓட்டி, ஈரக்கையை இணைப்புகள் நெடுக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் சில்லென்று காற்று படும், "புஸ் புஸ்" என்று கேட்கவும் செய்யும்.

பாக்ஸ் கொஞ்சம் சிறிதாகப் போய்விட்டால் பாலியஸ்டர் பஞ்சு உதவும். லிட்டருக்கு 10 கிராம் வீதம், மேக்னட்டின் வென்ட்டை அடைக்காமல் தளர்வாக நிரப்பினால், பாக்ஸ் 10 முதல் 20 சதவீதம் வரை பெரிதானதுபோல நடந்துகொள்ளும். திணித்து அமுக்கினால் அந்தப் பலன் போய்விடும்.