பழைய மடல் இணைப்புகள் வேறு மடலைத் திறக்கின்றன

அஞ்சல் குழுக் காப்பகத்தில் எண்ணில் முடியும் இணைப்பை நம்பி இனி எதையும் சேமிக்காதீர்கள், மடலின் தலைப்பகுதியில் இருக்கும் மெசேஜ்-ஐடியையும் (அந்த மடலுக்கே உரிய தனி அடையாளம்) கூடவே எழுதி வையுங்கள். எங்கள் பக்கம் காணி இலக்கத்தைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, ஆளின் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அதுதான் வித்தியாசம்.

உங்கள் குழுவின் 2014 இரணைமடு மடல்களின் இணைப்புகள் எல்லாம் இரண்டு மடல் தள்ளித் திறக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மெயில்மேன் 2 என்ற அஞ்சல் குழு மென்பொருளின் காப்பகப் பகுதியான பைப்பர்மெயில் வரிசைப்படிதான் எண் போடும். யாரோ இரண்டு மடலை அழித்துவிட்டுக் காப்பகத்தைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் முல்லைத்தீவுக் குழுவிலும் இதே கூத்துத்தான், ஒரு கிழமை அதோடு போனது.

சரி, இப்படிப் பாருங்கள்:

1. 2014க்கு முந்திய நாலைந்து இணைப்புகளைத் திறவுங்கள். எந்த மாதம்வரை சரியாக வருகிறதோ, அதற்குப் பிந்திய மடல்களைத்தான் அழித்திருக்கிறார்கள்.

2. மடல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் பழைய எம்பாக்ஸ் கோப்பின் பிரதி கிடைத்தால், அழிந்த இடத்தில் தலைப்பகுதியை மட்டும் வைத்து, உள்ளடக்கத்தை வெறுமையாக்கிவிட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள். எண்கள் பழைய இடத்துக்கு வரும், ஆனால் அழித்த பிறகு யாராவது சேமித்த இணைப்புகள் இப்போது பிழையாகிவிடும், அதை முதலே குழுவில் சொல்லிவிடுங்கள்.

மெயில்மேன் 3க்கு மாறினால் அதன் காப்பகமான ஹைப்பர்கிட்டி மெசேஜ்-ஐடியிலிருந்தே முகவரியை ஆக்கும். ஐடி இல்லாத மிகப் பழைய மடல்களுக்கு மட்டும் அது உதவாது, அவற்றுக்குத் திகதியும் அனுப்பியவர் பெயரும் குறித்து வைப்பதுதான் வழி.