ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கின் மூன்றாம் பாகத்தை நம்பிக் காத்திருக்கலாமா?

1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 வீடியோ கேமை விளையாடியவர்கள் அதன் ரீமேக்கின் மூன்றாம் பாகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டால் காத்திருப்பதே வீணோ என்று தோன்றுகிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். 2020இல் வந்த முதல் பாகத்தில் தொடங்கி, 2024இல் வந்த இரண்டாம் பாகமான ரீபர்த்தையும் முடித்துவிட்டு, அதன் கடைசி ஒரு மணி நேரம் பிடிபடாமல் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். காத்திருக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எனக்கும் ஓர் அச்சம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப்போகிறேன். 1997இல் வந்த கதைதான் என்றாலும், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1999 கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எங்களுக்கு ஒரு பிளேஸ்டேஷன் கொண்டுவந்தார். அண்ணன் அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. இந்தக் கேமின் திரையில் வரும் ஆங்கிலத்தை அண்ணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடுவார். எந்த ஊரில் யார் என்ன சொன்னார்கள், எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. ஓரிடத்தில் நோயாளி ஒருவரைக் காட்டி ‘திஸ் கை ஆர் சிக்’ என்று கதையின் முக்கியப் பெண் பாத்திரமான ஏரித் சொல்வாள். வகுப்பில் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கிய அண்ணன் அதை மூன்று முறை படித்துவிட்டு, நம் டிஸ்க்கில்தான் கோளாறு என்றார். அசல் ஆங்கிலப் பதிப்பிலேயே இருந்த பிழை அது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதிப்பில் அவள் பெயர்கூட ஏரித் அல்ல, ஏரிஸ். எங்கள் வீட்டில் இன்றும் ஏரிஸ்தான்.

முதல் டிஸ்க்கின் முடிவில் அவள் இறந்துபோகிறாள். அதற்குச் சில நாள் முன்புதான் அவளுடைய கடைசி லிமிட் பிரேக்கை, அதாவது சிறப்பு ஆற்றலை, வாங்கித் தந்திருந்தோம். ஜூனான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றோரக் குகையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். நாம் அதுவரை போட்ட சண்டைகளின் எண்ணிக்கை சரியாக அமைந்தால்தான், அந்த ஆற்றலைப் பெற மாற்றாகக் கொடுக்க வேண்டிய மித்ரில் என்ற உலோகத்தை அவர் தருவார். அதற்காகக் குகைக்கு வெளியே வந்து ஒரு சண்டை, உள்ளே போய் ஒரு பேச்சு என இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டோம். அவள் இறந்த பிறகு மெனுவைத் திறந்து பார்த்தோம். அவளுக்குப் பூட்டியிருந்த மெட்டீரியா என்ற மாயக் கற்கள் எல்லாம் எங்கள் பைக்குத் திரும்பியிருந்தன. அவள் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவள் கையிலிருந்து விழுந்த வெள்ளை மெட்டீரியா ஒவ்வொரு படியாகத் துள்ளி இறங்கித் தண்ணீரில் விழும் ஓசையும், உடனே தொடங்கும் சண்டையில் வழக்கமான பாஸ் இசை வராமல் அவளுடைய இசையே தொடர்வதும் எனக்கு இப்போதும் கேட்கிறது. அண்ணன் பழைய சேவ் கோப்பைத் திறந்து வேறு வழியில் போய்ப் பார்த்தார். வீழ்ந்தவர்களை எழுப்பும் பீனிக்ஸ் டவுன் கையில் எத்தனை இருந்தும் பயனில்லை. அந்தக் கேமில் அதற்கு மாற்றே கிடையாது.

அழுதுகொண்டே இரண்டாம் டிஸ்க்கை விளையாடினோம். அது முடிந்ததும் மூன்றாம் டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரை கேட்டது. போட்டோம். டிஸ்க் சுழலும் சத்தம் வந்தது, படம் வரவில்லை. பனியனால் துடைத்தோம், பற்பசை தடவிக் கழுவினோம், யாரோ சொன்னார்கள் என்று பிளேஸ்டேஷனையே தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டிப் பார்த்தோம். எங்களிடம் இருந்தவை அசல் டிஸ்க்குகள் அல்ல. அன்று எங்கள் ஊரில் அசல் விற்கும் கடை எதையும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. அதை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். விற்ற கடைக்காரர் அடுத்த வாரம் வேறு தருகிறேன் என்று நான்கு வாரம் சொன்னார். பிறகு பள்ளி திறந்துவிட்டது. அண்ணன் பதினொன்றாம் வகுப்பு, டியூஷன் என்று போய்விட்டார். உலகம் அழியப்போகும் நாளுக்கு முந்தைய சேவ் ஒன்று எங்கள் மெமரி கார்டில் ஒரு பிளாக்கை அடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

2013இல் அந்தக் கேம் ஸ்டீமில் வந்தபோது, முதல் சம்பளங்களில் ஒன்றில் அசலாகவே வாங்கி, தொடக்கத்திலிருந்து விளையாடி முடித்தேன். அண்ணன் அப்போது வெளிநாட்டில் இருந்தார். முடிவைப் பார்த்த இரவு தொலைபேசியில் அழைத்துச் சொல்லத் தொடங்கினேன்; சொல்லாதே, நான் இன்னும் பார்க்கவில்லை என்று நிறுத்திவிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அவருக்கு அது முக்கியமாக இருந்தது.

2015 ஜூன் 16 அன்று, நம் ஊரில் விடிந்து சற்று நேரத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சோனி நிகழ்ச்சியில் ரீமேக் அறிவிக்கப்பட்டது. அண்ணனே அழைத்தார். அந்த மகிழ்ச்சி ஆறு மாதம்தான் நீடித்தது. டிசம்பரில், இது ஒரே கேமாக அல்ல, பல பாகங்களாக வரும் என்றார்கள். கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பழைய கேமில் ஐந்தாறு மணி நேரத்தில் கடந்துவிடும் மிட்கார் நகரத்தை ஒரு முழு கேமாக இழுக்கிறார்களே, இது பணத்துக்காகத்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்பதை 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டேன். ஊரடங்கில் டிஸ்க் வரவழைக்க வழியில்லாமல் நாள்கணக்கில் தரவிறக்கி விளையாடினேன். பழைய கேமில் ஒரு சில வரிகளோடு முடிந்துபோன, நாயகனின் போராளிக் குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸிக்கு இதில் ஒரு வீடு இருந்தது, படுக்கையில் நினைவின்றிக் கிடக்கும் அப்பா இருந்தார். அதைப் பார்த்த பிறகு மிட்காரின் சேரிப்பகுதி ஒன்றின் மேல் கட்டப்பட்ட செக்டார் 7இன் மேல்தட்டு சரிந்து விழும் காட்சியை என்னால் முன்புபோல் பார்க்க முடியவில்லை. ஆகவே, பழையதில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்று அடம்பிடிப்பவள் என என்னைத் தயவுசெய்து எண்ண வேண்டாம். ரசிகர் குழு ஒன்றில் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று எழுதியவர்களுக்கும் இதுவே பதில்.

என் அச்சம் ரீபர்த்தின் முடிவைப் பற்றியது. அந்தக் கேமில் நாயகனின் கூட்டாளி பாரெட்டும் அவருடைய பழைய நண்பர் டைனும் சந்திக்கும் இடத்தைப் போல மனத்தை உலுக்கிய காட்சிகள் பல. ஊருக்கு ஊர் கோபுரம் ஏறி வரைபடத்தை நிரப்பும் வேலை அலுப்பூட்டியது என்றாலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏரிஸ் இறக்கும் இடத்தில் நாயகன் கிளவுடின் வாள் வில்லன் செபிராத்தின் வாளைத் தட்டிவிடுகிறது. அவள் பிழைத்ததாகவும் தெரிகிறது, இரத்தம் வழிவதாகவும் தெரிகிறது. பிறகு பல உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கின்றன. இறுதிச் சண்டையில் அவளே கூட வந்து நிற்கிறாள். எல்லாம் முடிந்த பின்னும் கிளவுடின் கண்ணுக்குத் தெரிகிறாள். பத்து வயதில் எங்களை உறைய வைத்தது அந்த மரணத்தின் உறுதி. மெனுவில் இல்லாமல்போன அந்தப் பெயர் அது. இங்கே அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் நம்பிக்கையை விடாததற்குக் காரணம் இரண்டாம் டிஸ்க்கில் வரும் ஒரே ஓர் இடம்தான். மிடீல் என்ற ஊரில், பேச்சற்றுச் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளவுடும் அவன் சிறுவயதுத் தோழி டிஃபாவும் கோளின் உயிரோட்டமான லைஃப்ஸ்ட்ரீமுக்குள் விழுகிறார்கள். அங்கே டிஃபா அவனுடைய நினைவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய சொந்த ஊரான நிபெல்ஹைமுக்கு வந்த சோல்ஜர் என்ற சிறப்புப் படையின் வீரன் தானே என்று அவன் சொல்லிவந்தது பொய் என்பதும், அன்று வந்தவன் ஜாக் என்ற வேறொரு வீரன் என்பதும், கிளவுட் முகத்தை மறைத்த சாதாரணச் சிப்பாயாக அதே இடத்தில் நின்றிருந்தான் என்பதும் அங்கேதான் வெளிப்படுகின்றன. தாங்க முடியாததை மறைக்கத் தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொள்பவன் அவன் என்பதுதான் மூலக்கதையின் அடித்தளம். அப்படியென்றால் ரீபர்த்தின் முடிவில் அவன் காணும் ஏரிஸும் அவன் கட்டிக்கொண்ட இன்னொரு கதையாக இருக்கலாம். அந்த மயக்கம் மிடீலில் உடைந்து, அவள் இல்லை என்பதை அவன் அங்கே ஏற்றுக்கொண்டால், ரீபர்த்தில் நம்மைக் குழப்பிய ஒவ்வொன்றுக்கும் பொருள் கிடைத்துவிடும். மாறாக, பல உலகங்களில் ஏதோ ஒன்றில் அவள் நலமாக இருக்கிறாள் என்று முடித்தால், 1997இல் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே நான் கொள்வேன். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் அன்பு எனக்குப் புரிகிறது. அவளுக்காக இரண்டு மாலை குகை வாசலில் சண்டை போட்டவர்கள் நாங்களும்தான்.

இதைச் செய்யக்கூடியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். 1997இல் இயக்கிய யோஷினோரி கிடாசே ரீமேக்கின் தயாரிப்பாளர். அன்று கதை எழுதிய கஸுஷிகே நோஜிமாவும், பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நொமுராவும் உடன் இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தை இயக்கிய நவோகி ஹமகுச்சியே மூன்றாம் பாகத்தையும் இயக்குகிறார். ரீபர்த்தில் விட்டுவைத்த ராக்கெட் டவுன், வூட்டாய் ஆகிய ஊர்களும் இனி வர வேண்டும். கூட வந்தும் நாம் இயக்க முடியாமல் இருந்த சிட்டும் வின்சென்ட்டும் நம் கைக்கு வர வேண்டும். மற்ற ரசிகர்களின் நிலையையும் பாருங்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6இன் ரசிகர்கள் 2018இல் வந்த ஒரு சிறு டீசரைப் பிடித்துக்கொண்டும், நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் ரீமேக்கின் ரசிகர்கள் 2021 அறிவிப்பைப் பிடித்துக்கொண்டும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். நம் கையில் இரண்டு முழு கேம்கள் இருக்கின்றன.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2க்கு வந்த முதல் பாகத்தின் பெட்டியில் இருக்கும் கார்டில் கேம் இல்லை, தரவிறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. கேமின் அளவைப் பார்த்தால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைக் கையில் வாங்கிய பிறகும் முடிவு வேறெங்கோ இருக்கிறது என்ற நிலை, எங்களைப் போல ஒரு டிஸ்க்கால் முடிவை இழந்தவர்களுக்கு வலிக்கும். மூன்றாம் பாகத்தையாவது டிஸ்க்கிலேயே முழுமையாகத் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நேரம் கிடைத்தால் அதற்குள் 1997 பதிப்பை ஒருமுறை விளையாடிவிடுங்கள். கைப்பேசியிலேயே கிடைக்கிறது, உருவங்கள் கட்டைபோல இருப்பது அரை மணி நேரத்தில் பழகிவிடும். என் அண்ணன் மட்டும் அதை இன்றுவரை முடிக்கவில்லை. ரீபர்த் முடிந்த அன்று பேசியபோது, மூன்றாம் பாகம் வரும் ஆண்டில் விடுமுறையை அதற்கேற்ப வைத்துக்கொண்டு ஊருக்கு வருவதாகச் சொன்னார். நான் அதை முன்பே வாங்கிவிடலாம், தொடங்கக்கூடாது என்பது அவர் போட்டிருக்கும் நிபந்தனை.