உறைந்த மண்ணும் உப்பு மண்ணும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சம்பா நடவுக்கு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உயிர் உரப் பாக்கெட் வாங்கினால் வெயில் படாமல் வை என்கிறார்கள். நம் மண்ணில் வாழ்வதே இப்படி நோஞ்சானாக இருக்கும்போது, துருவத்தில் உறைந்த மண்ணுக்குள் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? நம் வயல் மண்ணைப் பல வருஷம் ஃபிரிட்ஜில் வைத்தால் அதில் இருப்பவையும் குளிருக்குப் பழகிவிடுமா?

மு.

அன்புள்ள மு.,

ஃபிரிட்ஜிலிருந்தே தொடங்குகிறேன். திடீரென்று குளிர்ந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில புரதங்களை அவசரமாகத் தயாரிக்கும். குளிரில், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. தனக்குத்தானே மடிந்து சிக்கிக்கொள்ளும்; அந்தச் சிக்கலை இவை பிரித்துவிடும். நம் குடலில் வாழும் ஈ.கோலைக்குக்கூட இது தெரியும். ஆனால் அதற்கான மரபணு முன்பே இருந்தது, குளிர் அதை முடுக்கியது, அவ்வளவுதான். மரபணுவே மாறுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். பிரதி எடுக்கும்போது தற்செயலாக நேரும் பிழைகளில் குளிருக்கு உதவுவது எதுவோ, அதைக் கொண்டவை அதிகம் பெருக வேண்டும். ஃபிரிட்ஜில் நம் வயல் பாக்டீரியாக்களில் பல பெருகவே பெருகாது. ஏற்கெனவே குளிர் தாங்கும் சில மட்டும் மெல்லப் பெருகும். அந்த மண்ணில் யார் அதிகம் என்பது மாறும்.

துருவத்தில் நடந்தது நீண்ட காலத் தேர்வு. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்புதான். அதை உறையாத வகைக் கொழுப்பாக வைத்திருக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் துருவ பாக்டீரியாக்களில் உண்டு. புரதங்களிலும் மாற்றம் இருக்கிறது. சைபீரியாவின் கோலிமா பகுதியில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த மண்ணில் கிடைத்த சைக்ரோபாக்டர் ஆர்க்டிகஸ் என்ற பாக்டீரியா, மைனஸ் 10 டிகிரியிலும் வளர்கிறது. அதன் புரதங்கள் பலவற்றில் விறைப்பைத் தரும் புரோலின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே அவை நெகிழ்வாக இருக்கின்றன, குளிரில் விறைத்து நின்றுவிடாமல் வேலை செய்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் நடந்தது. அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் சிர்மாக்கர் பகுதி மண்ணிலிருந்து வந்த ஒரு சூடோமோனாஸ் வகை பாக்டீரியாவை அங்கே ஆராய்ந்தார்கள். டி.என்.ஏ. உடைந்தால் சரிசெய்யும் மூன்று மரபணுக்கள் அதில் உண்டு. அவற்றை முடக்கினால் 22 டிகிரியில் அது வளர்ந்தது, 4 டிகிரியில் வளர முடியவில்லை. குளிரில் டி.என்.ஏ. பிரதியெடுப்பு நடுவழியில் நின்று உடைகிறது. உடனுக்குடன் ஒட்டுப்போட ஆள் இல்லாவிட்டால் சாவுதான். இதே மூன்று மரபணுக்கள் ஈ.கோலையிலும் இருக்கின்றன! குளிருக்கென்று தனி மந்திர மரபணு தேடியவர்களுக்குக் கிடைத்தது நமக்குத் தெரிந்த பழைய கருவிதான். பனிக்கட்டியை ஒட்டிப் பிடிக்கும் புரதம் போல வேறு உயிர்களிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களும் சிலவற்றில் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பு சொன்ன புரத நெகிழ்வுக்கு ஒரு விலை இருக்கிறது. அப்படிப்பட்ட நொதிகள் பல, நமக்கு இதமான சூட்டிலேயே உருக்குலைந்துவிடும். சித்திரை மாத டெல்டா மண்ணில் அவற்றால் நிற்கவே முடியாது. அதனால் அசோஸ்பைரில்லத்தை நோஞ்சான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது டிகிரிக்கு மேலும் நன்றாக வளர்வது அது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஏறும் சூடு வேறு கணக்கு; பாக்கெட்டை வெயில் படாமல் வைக்கச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மண் உறையும்போது தண்ணீர் மட்டும் பனிக்கட்டியாகும், உப்பு மிச்சத் திரவத்தில் சேர்ந்துகொண்டே போகும். எனவே துருவ பாக்டீரியா குளிரோடு கடும் உப்பையும் சமாளிக்கிறது. கனடாவின் வடகோடியில் மைனஸ் 15 டிகிரியில் வளரும் பிளானோகாக்கஸ் வகை பாக்டீரியா ஒன்று உப்பையும் அபாரமாகத் தாங்குகிறது. கிளைசின் பீட்டைன் போன்ற பொருளை உள்ளே சேர்த்து நீர் இழக்காமல் காத்துக்கொள்வது இவற்றின் வழி. உப்பு நிலத்து பாக்டீரியாக்கள் பலவற்றுக்கும் அதுவே வழி. உங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் அதிக தூரமில்லை. இதில் ஆர்வம் இருந்தால் ஃபிரிட்ஜை விட்டுவிட்டு அந்தக் கடலோர வயல் மண்ணை எடுத்துப் பாருங்கள். உப்பேறிய நிலத்துக்குத் தாங்கும் உயிர் உரம் தேடுகிற வேலை அங்கே நிறைய இருக்கிறது.

அன்புடன்