குச்சிக்கிழங்கில் அயோடின் விட்டால் உட்கரு ஏன் தெரிவதில்லை?

கேள்வி: "சேலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். குச்சிக்கிழங்கை மெல்லிசாகச் சீவி அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். முழுக்கக் கருநீல உருண்டைகள். அதில் எது உட்கரு?"

எதுவும் இல்லை. அவை அத்தனையும் மாவுமணிகள். நம்மூர் ஆலைகள் ஜவ்வரிசிக்காகப் பிழிந்தெடுக்கும் அதே மாவு. அயோடின் மாவைக் கருநீலமாக்கும். உட்கருவுக்கு இளம் பழுப்புதான் ஏறும். இத்தனை மணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் செல்லில் அந்தப் பழுப்பு எடுபடாது.

பெரிய வெங்காயத்துக்கு மாறிவிடுங்கள். அது மாவைச் சேர்த்து வைப்பதில்லை, சர்க்கரையைத்தான் சேர்க்கிறது. அதனால் அதே அயோடின் இங்கே கைகொடுக்கும். சதைப்பற்றான ஓர் இதழை எடுத்து, அதன் உட்குழிந்த பக்கத்தில் பிளேடால் 5 மில்லிமீட்டர் சதுரம் கீறி, சவ்வை இடுக்கியால் உரியுங்கள். உரித்த கையோடு ஸ்லைடிலுள்ள நீர்த்துளியில் போட வேண்டும். காய்ந்தால் சுருண்டு மடியும், மடிந்த இடத்தில் இரண்டு அடுக்குச் செல்கள் குழம்பித் தெரியும். நீரை ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பிலிருந்து சாய்த்து இறக்குங்கள். தட்டையாக வைத்தால் காற்றுக்குமிழி சிக்கும். தடித்த கறுப்பு வளையத்தோடு கச்சிதமான வட்டமாக இருந்தால் அது குமிழிதான். பலரும் ரெக்கார்டில் உட்கரு என்று வரைவது இதைத்தான்!

முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40. வெளிச்சம் அதிகமானால் உட்கரு கரைந்துபோனதுபோல் இருக்கும், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயபிரத்தைக் குறுக்குங்கள். செல்லின் நடுவிலுள்ள பெரிய வாக்குவோல் (சாறு நிறைந்த பை) தள்ளுவதால் உட்கரு பெரும்பாலும் செல்சுவரை ஒட்டியிருக்கும். சில செல்களில் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். அங்கே அது மேல்சுவரையோ அடிச்சுவரையோ ஒட்டிக் கிடக்கிறது.

உட்கருவுக்குள் இன்னும் அடர்த்தியாக ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்தால் அவை நியூக்ளியோலஸ். புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் துணை அலகுகள் அங்கேதான் உருவாகின்றன. அதைச் சுற்றித் தனிச் சவ்வு கிடையாது. உட்கருவுக்கோ இரட்டைச் சவ்வு உறை. வெளிச்சவ்வு, செல்லுக்குள் பரவியுள்ள சவ்வு வலையான எண்டோபிளாச வலைப்பின்னலோடு தொடர்ந்து போகும். உறையெங்கும் துளைகள். டிஎன்ஏ உள்ளேயே தங்கிவிட, அதைப் படியெடுத்த தூது ஆர்என்ஏ துளை வழியே வெளியேறி ரைபோசோமில் புரதமாகப் பெயர்க்கப்படுகிறது. டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் உருவாகி, அதே துளை வழியே உள்ளே வருகின்றன. ஒரு துளையமைப்பின் அகலம் ஏறத்தாழ 0.12 மைக்ரோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை 0.2. ஆகவே ரெக்கார்டில் துளைகளை வரைய வேண்டாம்.

ராபர்ட் பிரவுன் 1831இல் உட்கருவை விவரித்தது ஆர்க்கிட் செடிகளின் மேல்தோலைப் பார்த்துத்தான். அதற்காக ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்தில் இலை கிள்ளிவிடாதீர்கள், வெங்காயமே போதும்.

குரோமோசோம் இந்த வெங்காயச் சவ்வில் தெரியாது. வளர்ந்து முடிந்த செல்கள் பிரிவதில்லை, டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த குரோமாட்டின் இழைகளாகவே பரவியிருக்கும். வெங்காயத்தின் 16 குரோமோசோம்களையும் பார்க்க வேண்டுமானால் வேர்நுனியை எடுத்து அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நசுக்கிப் பார்க்க வேண்டும்.